கடைசி மாதச் சேதாரம்

வெள்ளிப் பட்டறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சேதாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு போட்டு முடிக்கும்போது எடை கொஞ்சம் குறைந்திருக்கும். குறைந்ததில் ஒரு பங்கு தரையில்தான் கிடக்கும் என்பதால், பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட அப்பா டப்பாவில் சேர்த்து வைப்பார். அப்படிப்பட்டவரின் மகள் நான், ஜெர்மனியில் இரண்டு வருட முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பும் நேரத்தில் 795 யூரோவைச் சிந்திவிட்டு வந்தேன். அன்றைய மதிப்பில் 73,000 ரூபாய் சொச்சம். பர்ஸ் திருடு போகவில்லை, ஆடம்பரமாக எதுவும் வாங்கவில்லை. எல்லாம் ஐம்பது, அறுபது, நூறு என்று சில்லறை சில்லறையாகப் போனது. வெளிநாடு போக என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர எனக்கு ஊரெல்லாம் ஆள் இருந்தது. திரும்பி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2022 அக்டோபரில் போனேன். கிழக்கு ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஒரு நடுத்தர ஊர். கல்விக்கடன் வாங்கித்தான் படிப்பு. கைச்செலவுக்கு ஒரு பேக்கரியில் காலை ஐந்து மணி ஷிப்ட். 2024-ல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. அந்த எண் என் மண்டையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் இது எத்தனை மணி நேரம் ரொட்டி அடுக்கிய காசு என்றுதான் கணக்கு ஓடும். ஜூலையில் ஆய்வேட்டை முடித்தேன். நவம்பரில் அண்ணன் கல்யாணம், பெங்களூரில் ஒரு வேலையும் கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. அக்டோபர் 2-க்கு விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. கையில் 900 யூரோவும் செப்டம்பர் மாதம் முழுவதும் மிச்சம். இரண்டு வருடத்தில் பக்கத்து ஊர்களைத் தவிர எதையும் பார்த்திருக்கவில்லை. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சரி, தனியாகவே சுற்றுவோம் என்று செப்டம்பர் 5 முதல் 29 வரை திட்டம் போட்டேன்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம், கடைசியில் மிலான். 30-ந் தேதி காலை பத்து மணிக்கு அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஊருக்குப் போவது 2-ந் தேதி. நடுவில் இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் தப்பு.

உண்மையில் முதல் சேதாரம் ஜூனிலேயே விழுந்துவிட்டது. சமையல் மேடையோடு சேர்ந்த ஒற்றை அறை, வாடகை 310 யூரோ. செப்டம்பர் கடைசியில் காலி செய்கிறேன் என்று ஜூன் 28 அன்று வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன். மூன்று மாத நோட்டீஸ், கணக்கு சரிதானே? ஒரு வாரம் கழித்து ஜூலை 5 அன்று பதில் வந்தது: மின்னஞ்சல் செல்லாது, பேனாவால் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். கோபத்தோடு தேடிப் பார்த்தால், ஜெர்மன் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்தக் காகிதமும் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். ஜூலை 3-க்குள் சேர்ந்திருந்தால் செப்டம்பரோடு முடிந்திருக்கும். என் கடிதம் சேர்ந்தது 8-ல். அக்டோபர் வாடகை 310 யூரோ என் தலையில். நமக்குப் பதில் வேறொருவரைக் குடிவைக்கச் சில வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். அக்டோபரில் புதிதாக வந்திறங்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அறை கிடைக்காமல் அல்லாடும் காலம் அது. செப்டம்பரில் ஊரில் இருந்திருந்தால் ஒருவரைப் பிடித்திருக்கலாம். நான் வெனிஸில் இருந்தேன். அதனால் முதலில் சொல்வது இதுதான்: ஆய்வேட்டை எந்த மாதம் சமர்ப்பிப்போம் என்று தெரிந்த அன்றே நோட்டீஸைக் காகிதத்தில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயணம் கிளம்பிய முதல் நாளே. சான்றிதழ் சீக்கிரம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆகஸ்ட் 31 தேதியிட்டு எக்ஸ்மட்ரிகுலேஷன் வாங்கியிருந்தேன். பல்கலைக்கழகப் பதிவிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வது. மாணவர் பயணச்சீட்டு அந்தப் பதிவோடு கட்டப்பட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சீட்டு 2024-ல் மாதம் 29.40 யூரோ, நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம் எல்லாவற்றிலும் செல்லும். செமஸ்டர் செப்டம்பர் 30 வரை இருக்கிறதே என்ற தைரியத்தில் பிராக் பேருந்தைப் பிடிக்க டிரெஸ்டன் ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். பரிசோதகர் என் கைப்பேசியை வாங்கி ஒரு முறைக்கு இரண்டு முறை ஸ்கேன் செய்து பார்த்தார். சிவப்பு. 60 யூரோ அபராதம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் ரசீதை நீட்டினார். ஐந்து மணி நேர ரொட்டி.

பயணம் நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். 25 நாளுக்கு மொத்தம் 870 யூரோதான் ஆனது. வியன்னாவில் நாமக்கல் அக்கா ஒருவர் நான்கு நாள் தங்க இடம் கொடுத்தார், இரண்டு இரவு பேருந்திலேயே தூக்கம், மற்ற நாளெல்லாம் எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறை. அம்மா அனுப்பிய புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி ஒரு பொட்டலம். அரிசியும் தயிரும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துப் போட்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பிராக்கிலும் புடாபெஸ்டிலும் யூரோ கிடையாது, அவர்கள் பணம் வேறு. ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்குப் போடட்டுமா என்று திரை கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், இல்லையென்றால் மாற்று விகிதத்தில் நன்றாகத் தீட்டிவிடுவார்கள். ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய் ஒன்று நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருக்கும். குளுகுளுவென்ற தண்ணீர், ஏற்காட்டுச் சுனையில் கை வைத்த மாதிரி இருந்தது. காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள பெட்டியில் குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். குத்தாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய சீட்டுக்கே அபராதம் உண்டு. இதை மட்டும் அந்த நாமக்கல் அக்கா சொல்லி அனுப்பியதால் தப்பித்தேன்.

ஃப்ளாரன்ஸில் உஃபிஸி ஓவிய அருங்காட்சியக வாசலில் ஒரு சின்ன அவமானம். 18 முதல் 25 வயது வரை 2 யூரோ என்று எழுதியிருந்தது. எனக்கு 24. வரிசையில் நின்று ஜெர்மன் குடியிருப்பு அட்டையை நீட்டினால், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அப்படியில்லை, ஐரோப்பாவில் குடியிருப்பு அனுமதி உள்ள 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்று கூடப் படித்தவள் போய்வந்து சொல்லியிருந்தாள். ஒரு நாடு எங்கே வசிக்கிறாய் என்று கேட்கிறது, இன்னொரு நாடு எந்த நாட்டுக்காரி என்று கேட்கிறது. இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அதைப் பார்த்துப் பயணத் தேதியைப் போட்டிருந்தால் போதும். முழு விலை கொடுத்து உள்ளே போனேன். வருத்தமில்லை.

இனி பெர்கமோ. மிலான் விமான நிலையம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தாலும் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 29-ந் தேதி, ஞாயிறு, மாலை 6.10-க்கு பெர்லின் விமானம், 34 யூரோ. மலிவு விமானம், முதல் முறை, பயத்தில் மூன்று மணி நேரம் முன்பே போய்விட்டேன். ஆன்லைன் செக்-இன் முடித்திருந்தேன், பை அளவு டேப் வைத்து அளந்தது, கைப்பேசியில் போர்டிங் பாஸ். பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே போய், ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டு தாத்தாவுக்குப் போஸ்ட் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. வரிசையில் என் முறை வந்தபோது அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டின் நீல அட்டையைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், "ஸ்டாம்ப்?" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சோதனைக்குள் போகும் முன்பே நிறுவனக் கவுன்ட்டரில் ஆவணத்தைக் காட்டி, காகித போர்டிங் பாஸில் முத்திரை வாங்க வேண்டுமாம். குடியிருப்பு அட்டையைக் காட்டினேன். தலையை ஆட்டினாள். வெளியே ஓடினேன், கவுன்ட்டர் மூடிவிட்டது. திரும்பி வந்தால் கேட்டும் மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அசையாமல் நிற்கிறது, படிக்கட்டுகூட இன்னும் எடுக்கவில்லை.

கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக இல்லை, மூன்று மணி நேரம் முன்பே வந்தும், எல்லாம் சரியாகச் செய்ததாக நம்பிக்கொண்டு கவுன்ட்டருக்கு நூறடி தள்ளி உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேனே என்று. பிறகு போர்டிங் பாஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு வரியில் போட்டிருந்தது. அம்மா அழைத்தார். ஊரில் இரவு பத்து நெருங்கியிருந்தது. "ஏறிட்டியா கண்ணு?" என்றார். "ஏறிட்டேன்மா, போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இந்த ஒன்று இன்றும் உறுத்துகிறது. மலிவு விமானத்தில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: நம் பாஸ்போர்ட்டோடு போனால், பை இல்லாவிட்டாலும், செக்-இன் முடித்திருந்தாலும், முதலில் கவுன்ட்டருக்குப் போய் ஆவணம் பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நடைமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும், கேட்பதற்குக் காசில்லை. இன்னொன்று, கடைசி விமானத்தை முக்கியமான வேலைக்கு முந்தின நாள் வைக்காதீர்கள்.

மிலானுக்குத் திரும்ப 10 யூரோ. இரவு 10.15 பேருந்து, 69 யூரோ. விமான டிக்கெட்டோடு சேர்த்து 113 போயிற்று. வீட்டுக்காரரைக் காலையில் ஏழு மணிக்கு அழைத்து நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். பேருந்து சுவிட்சர்லாந்து வழியாகப் போனது. அந்த நாடு ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்று, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் என் ஜெர்மன் சிம்மின் இலவச ரோமிங் அங்கே செல்லாது. நான் தூங்கும்போது கைப்பேசி தானாகப் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் ப்ரீபெய்டு இருப்பு 15 யூரோவும் காலி, ஓர் அழைப்புக்குக்கூடக் காசில்லை. ஜெர்மனி அந்த மாதம் 16-ந் தேதிதான் எல்லைச் சோதனையை எல்லா நில எல்லைகளுக்கும் நீட்டித்திருந்தது. எல்லையில் போலீஸ் ஏறி ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டாகப் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருந்ததால் எனக்குச் சிக்கல் இல்லை. மியூனிக்கில் பேருந்து நின்ற பத்து நிமிடத்தில் நிலைய வைஃபையைப் பிடித்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் மின்னஞ்சலை ஒரு வாரம் கழித்துப் பார்ப்பவர் என்பதைத்தான் முன்பே சொன்னேனே.

அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மூன்று. அவர் பத்து மணிக்கு வந்து, மணி அடித்து, திரும்பிப் போயிருந்தார். மறுநாள் காலை வருவதாகக் கதவில் சீட்டு. அந்த ஓர் இரவில் இரண்டு வருடப் பொருளை மூட்டை கட்டி, அறையையும் துடைக்க வேண்டும். அடுப்புக்கு மேலே சுவரில் கடுகு தாளித்துத் தாளித்து மஞ்சளாக ஒரு படலம். எலுமிச்சை, சோடா உப்பு, பாத்திரச் சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தேன். படலம் போகவில்லை, சுவர் வண்ணம்தான் உரிந்து வந்தது. அக்டோபர் 1 காலை அவர் வந்து, சுவரைத் தடவிப் பார்த்து, ஆணி ஓட்டைகளை எண்ணி, ஒப்படைப்புப் பத்திரத்தில் ஏதேதோ எழுதி நீட்டினார். தூக்கக் கலக்கத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அட்வான்ஸ் 620 யூரோவில் 190 அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் பிடித்தார். ஓட்டை அடைக்கும் பசை ஒரு டியூப் சில யூரோதான். குடியேறிய நாளில் எடுத்த படங்கள் என்னிடம் இருந்திருந்தால் நான்கு ஓட்டை எனக்கு முந்தியவருடையது என்றாவது காட்டியிருக்கலாம். ஜெர்மன் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைச் சாவி கொடுக்கும்போது கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசக்கூட வேண்டாம், பத்திரத்தைப் படித்தால் போதும்.

போகும்போது வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கீழே தபால் பெட்டியில் என் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. ஜெர்மனியில் தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே; இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடமாக வங்கி, பல்கலைக்கழகம், மருத்துவர் எல்லாரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் நீல மையில் எழுதி ஒட்டிய அந்தச் சீட்டை அவர் நகத்தால் கீறி எடுத்து, உருட்டி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் அதன் விலை அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஜனவரியில். பெங்களூர் அலுவலகத்தில் தற்காலிகச் சான்றை வைத்துச் சேர்த்துக்கொண்டு, அசலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதினால், நவம்பரிலேயே அனுப்பிவிட்டோம், பெயர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது என்று பதில். முகவரி மாற்றத்தை அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நகராட்சியில் ஊரைவிட்டுப் போவதாகப் பதிவு செய்யும் ஆப்மெல்டுங்கை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செய்யலாம், அந்தச் சான்று கையில் இருந்தால் காப்பீட்டை முடிப்பதும் சுலபம். ஆனால் வீட்டுக்கு வீடு வாங்கும் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணத்தை நாமாகத்தான் எழுதி நிறுத்த வேண்டும். அப்போது மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 55.08 ஆக வங்கியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நான் இல்லாத வீட்டுக்கு, என்னிடம் இல்லாத தொலைக்காட்சிக்கு ஒரு தவணை கட்டினேன். சான்றிதழை வாங்க அங்கேயே இருந்த ஜூனியர் பெண் ஒருத்தியைப் பிடித்தேன். அவள் போனால் கொடுப்பார்களா? அதற்கு ஃபோல்மாக்ட் என்று ஓர் அதிகாரக் கடிதம், என் கையெழுத்தோடு. இங்கிருந்து அனுப்பி, அங்கே காட்டி, அவள் வாங்கி கூரியரில் போட்டாள், 52 யூரோ. கிளம்பும் முன்பே நம்பிக்கையான ஒருவரிடம் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் நாலைந்து கொடுத்து வைத்துவிட்டு, தபாலையெல்லாம் அவர் பெயர் போட்ட பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள். வங்கிக் கணக்கையும் அவசரப்பட்டு மூடாதீர்கள். அட்வான்ஸ் வர ஆறு மாதம்கூட ஆகலாம், அது வந்து சேர ஒரு கணக்கு வேண்டும். பகுதிநேர வேலையில் வருமான வரி பிடித்திருந்தால் நான்கு வருடம் வரை கணக்குக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். அதுவும் அங்கேதான் வரும்.

வேலை தேட அங்கேயே தங்குகிறவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. படிப்பு முடித்தவர்களுக்கு 18 மாத அனுமதி உண்டு. மாணவராக வாங்கிய குடியிருப்பு அட்டை காலாவதியாகும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், நேரில் சந்திக்க நாள் கிடைக்கவில்லை என்று காத்திருக்கக் கூடாது. அது முடியாமல் ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அப்பாவும் நானும் வண்டியில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். இருட்டியதும் கீழே சேலம் விளக்குகளாகக் கிடந்தது. அங்கேதான் அவரிடம் முழுக் கணக்கையும் சொன்னேன், அம்மாவிடம் சொன்ன பொய் உட்பட. வாடகை 310, அபராதம் 60, விமானமும் பேருந்தும் 113, சிம் 15, சுவர் 190, தொலைக்காட்சி 55, கூரியர் 52. கூட்டினால் 795, கிட்டத்தட்ட 64 மணி நேரம் ரொட்டி அடுக்கிய காசு. ஊர் சுற்றவே 870 தான் ஆனது என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு நகைக்குச் சேதாரமே நகை வெலைக்குப் போட்டுருக்கியே கண்ணு" என்றார். திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. "சுத்திப் பாத்ததுல தப்பில்ல. பட்டறையக் கூட்டிட்டுல்ல கெளம்பியிருக்கோணும்?" என்றார்.

சான்றிதழ் அதற்கு அடுத்த வாரம் வந்தது. நான் பெங்களூரில் இருந்தேன். கூரியர் பையன் கதவு எண் கிடைக்காமல் தெருமுனை டீக்கடையில் கேட்டிருக்கிறான். உறையின் மேல் பெரிய எழுத்தில் குடும்பப் பெயர். "அட, இது நம்ம பட்டறைக்காரர்" என்று கடைக்காரர் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அப்பா குழப்பத்தோடு கையெழுத்துப் போட்டு வாங்கி, பற்றவைக்கும் மேசை மேலேயே பிரித்திருக்கிறார். சான்றிதழின் ஓரத்தில் வெள்ளிப் பொடி கொஞ்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. மார்ச்சில் அட்வான்ஸில் 280 யூரோ வந்தது. தண்ணீர், வெப்பமூட்டும் கட்டணக் கணக்கு முடியவில்லை என்று மீதி 150-ஐ வீட்டுக்காரர் இன்னும் வைத்திருக்கிறார். இந்த முறை காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறேன்.